கலந்தது யாருடைய விதை?

வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு, சம்மாந்துறையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்தத் தேத்தண்ணிக் கடையில் குந்தினாலும் ஒரு வசனம் காதில் விழும்: "இந்தப் போகம் விதை கலந்து போச்சு." சொல்கிறவர் அடுத்த நொடியே ஒரு ஆளைக் காட்டுவார். விதை நெல் தந்தவர், பக்கத்து வயல்காரர், மெசின்காரர், முல்லைக்காரர் என்று ஆள் மாறும். வசனம் மாறாது. விவசாயக் கூட்டங்களுக்குப் போனால் அங்கே வேறொரு வசனம்: "உறுதிப்படுத்தப்பட்ட விதை நெல்லை வாங்கி விதையுங்கள்." அதாவது வீட்டில் எடுத்து வைத்த நெல்லை விதைக்கிறவர்தான் குற்றவாளி.

இந்த இரண்டு வசனத்தோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. வீட்டு விதையில் கலப்பு இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு வீட்டின் கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை, ஒரு வீடு திருந்தினால் தீர்வதுமில்லை. விதை கலப்பது முழு வட்டையின் பிரச்சினை. தனித்தனி ஆளைப் பிடித்து ஏசுகிற வரைக்கும் அது தீராது.

எது எதோடு கலக்கிறது?

"கலப்பு" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் மூன்று சங்கதி இருக்கிறது.

முதலாவது வயதுக் கலப்பு. எங்கட நெல்லினங்களின் பேரிலேயே பிறந்த இடமும் வயதும் இருக்கிறது. பீஜீ என்றால் குருநாகல் மாவட்டத்தில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம். ஏ.டீ என்றால் அம்பலாந்தோட்டை. பீஜீ 300 மூன்று மாத நெல். பீஜீ 352, பீஜீ 358, ஏ.டீ 362 எல்லாம் மூன்றரை மாதம். பீஜீ 403 நாலு மாதம். மூன்று மாத நெல்லுக்குள் மூன்றரை மாத நெல் கலந்து விட்டால் ஒரே வயலில் பதினைந்து நாள் வித்தியாசம். முந்தியதைப் பார்த்து வெட்டினால் பிந்தியது பால் வற்றாத பச்சை மணி. பிந்தியதற்குக் காத்திருந்தால் முந்தியது கொட்டுண்டு போகும். எப்படி வெட்டினாலும் நட்டம்தான்.

இரண்டாவது நிறமும் வடிவமும். வெள்ளை அரிசிக்குள் சிவப்பு, சம்பாவுக்குள் நீட்டு மணி. இது வயலில் பெரிசாகத் தெரியாது. மில்லில் தெரியும். வியாபாரி ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, உமியை ஊதிப் பார்த்துவிட்டு "கலப்பு" என்பார். அந்த ஒரு சொல்லோடு விலை இறங்கும். அதற்கு மேல் பேரம் பேச வழியில்லை, ஏனென்றால் கையில் இருப்பதை அவரும் பார்க்கிறார், நாமும் பார்க்கிறோம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: களைநெல். இது வேறொரு புல் இல்லை, இதுவும் நெல்தான். காட்டு நெல்லும் பயிர் நெல்லும் இணைந்து வந்தது என்றும், பயிர் நெல்லே தன் பழைய காட்டுக் குணத்துக்குத் திரும்பியது என்றும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இலங்கையில் இது பிரச்சினையாகத் தலையெடுத்தது 1990களின் தொடக்கத்தில். அப்போது முதலில் பேசப்பட்ட மாவட்டங்களில் எங்கட அம்பாறையும் ஒன்று. அதனால் இது யாரோ ஒரு ஊரின் கதை இல்லை. எங்களில் பலர் பிறப்பதற்கு முதலே இது எங்கட வயலுக்குள் வந்துவிட்டது.

களைநெல்லின் தந்திரம் மூன்று. இளம் பயிராக நிற்கும்போது அதை நெல்லிலிருந்து பிரித்துப் பார்ப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். நாம் வெட்டுவதற்கு முதலே அது தன் மணியை மண்ணில் கொட்டிவிடும். கொட்டிய மணி உடனே எல்லாம் முளைக்காது, சில வருசம் மண்ணுக்குள் தூங்கிக் கிடந்து தவணை முறையில் முளைக்கும். மலேசியாவில் இதற்குக் "காற்று நெல்" என்று அர்த்தம் வருகிற ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். காற்று அடித்தாலே மணி உதிர்ந்துவிடும் என்பதால் வந்த பேர். களைகொல்லி அடிக்கலாமே என்று கேட்கலாம். நெல்லை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் கொல்லுகிற மருந்துக்கு, நெல்லாகவே இருக்கிற களையை எப்படித் தெரியும்?

ஒரு சின்னக் கணக்கு

ஆயிரம் நெல்மணி ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். இனத்துக்கு இனம் கூடலாம், குறையலாம். அப்படியென்றால் ஒரு கிலோவில் 40,000 மணி. எங்கட பக்கத்தில் நாற்று நடுவது அரிது, வீச்சு விதைப்புத்தான். சிபாரிசு செய்யப்படுகிற அளவு ஏக்கருக்கு 2 புசல், கிட்டத்தட்ட 42 கிலோ. ஏக்கருக்கு 16 இலட்சத்துக்கு மேல் மணி விழுகிறது. அதில் ஆயிரத்துக்கு ஒன்று மட்டும் களைநெல் என்று வையுங்கள். கண்ணுக்குச் சுத்தமான விதைதான். ஆனால் ஏக்கருக்கு 1,600 மணி. அவற்றில் பாதிதான் பயிராகி, ஒவ்வொன்றும் 100 மணிதான் கொட்டுகிறது என்றாலும் அடுத்த போகத்துக்கு மண்ணில் 80,000 மணி காத்திருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு சுத்தமான விதையை வாங்கி வந்து வீசினாலும், அது விழுவது ஏற்கெனவே விதைக்கப்பட்ட மண்ணில்.

"விதையை வாங்கி விதையுங்கள்" என்ற புத்திமதி இந்த இடத்தில்தான் உடைகிறது. நல்ல விதை கட்டாயம் வேணும். ஆனால் நல்ல விதை மட்டும் போதாது.

கலப்பு வருகிற வழிகள்

இப்போது வயலிலிருந்து வீடு வரைக்கும் நெல் வருகிற பாதையைப் பாருங்கள். முந்திய போகத்தில் கொட்டிய நெல் தானாக முளைக்கிறது, அதை யாரும் விதைக்கவில்லை. வாய்க்கால் தண்ணீரில் மேல்வயலின் மணி மிதந்து வந்து வக்கடை வழியாகக் கீழ்வயலுக்குள் இறங்குகிறது. பிறகு வெட்டு மெசின் வருகிறது. அது காலையில் ஒருவரின் சிவப்பு நெல்லை வெட்டிவிட்டுப் பகலில் இன்னொருவரின் வெள்ளை நெல்லுக்குள் இறங்கும். மெசினின் வயிற்றுக்குள் தங்கிய நெல்லும், சக்கரச் சேற்றில் ஒட்டிய நெல்லும் வயலுக்கு வயல் போகிறது. வெட்டுக் காலத்தில் மெசின்கள் மாவட்டம் விட்டு மாவட்டமும் போய்வருகின்றன. அதற்குப் பிறகு காயவைப்பது. படங்கு விரித்த இடத்தில் நேற்றுக் காய்ந்தது யாருடைய நெல் என்று யார் பார்க்கிறார்கள்? கடைசியில் சாக்கு. பழைய சாக்கின் மூலைக்குள் நாலு மணி எப்போதும் ஒளிந்திருக்கும். சாக்கின் மேல் பேர் எழுதாமல் அடுக்கினால், ஆறு மாதத்துக்குப் பிறகு எது விதை, எது சோத்து நெல் என்பது ஞாபகத்தை நம்பிய விசயம்.

பக்கத்து வயல் பூவிலிருந்து மகரந்தம் வந்து கலப்பதைத்தான் பலர் பயப்படுகிறார்கள். நெல் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருக்கட்டுகிற பயிர், அந்த வழியால் கலப்பது மிகக் குறைவு. எங்கட கலப்பில் பெரும்பங்கு காற்றால் வருவதில்லை. மெசினாலும் சாக்காலும் தண்ணீராலும் வருகிறது. அதாவது மனிசன் கட்டுப்படுத்தக்கூடிய வழிகளால் வருகிறது. இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது.

ஆனால் கூர்ந்து பாருங்கள். இந்த வழிகளில் சாக்கும் படங்கும்தான் ஒரு வீட்டின் கையில் இருக்கிறது. தண்ணீர் வட்டைக்குப் பொது. மெசின் ஊருக்குப் பொது. மண்ணில் கிடக்கிற மணி, போன வருசம் அந்த வயலைச் செய்தவரின் மிச்சம்.

குத்தகைக்காரருக்கு என்ன வந்தது?

எங்கட கரையோரத்தில் வயலுக்குச் சொந்தக்காரர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர் என்பது சாதாரணம். போடியார் காலத்திலும் அப்படித்தான். இப்போது காணிக்காரர் கொழும்பிலோ கட்டாரிலோ இருக்க, வயல் போகத்துக்குப் போகம் குத்தகைக்குக் கை மாறுகிறது. ஒரு போகத்துக்கு எடுத்தவரிடம் போய் "மண்ணில் கிடக்கிற களைநெல்லை முளைக்க விட்டு அழித்துவிட்டு விதையுங்க" என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? "அடுத்த போகம் ஆர் செய்றாரோ அவருக்கு நான் ஏன் வயல் துப்புரவாக்கிக் குடுக்கணும்?" அவர் கேட்பது நியாயம். துப்புரவாக்குகிற செலவு இந்தப் போகத்தில், அதன் பலன் அடுத்த மூன்று நாலு போகத்தில். பலன் தனக்கில்லாத வேலையை எந்தச் சுவரொட்டியும் செய்விக்காது.

கடைசியில் கலப்பின் சுமை இறங்குவது கூலிக்குக் களை பிடுங்கப் போகிற பெண்களின் முதுகில். கதிர் வந்த பிறகு உயரமாகத் தலை நீட்டி நிற்கிற களைநெல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கத்தான் வேணும். அதற்கு மருந்து இல்லை, கை மட்டும்தான். அந்தக் கூலியைக் கொடுக்க வசதியில்லாத சிறு விவசாயி அப்படியே விட்டுவிடுவார். அவருடைய வயலிலிருந்து அது மற்றவர் வயலுக்கும் போகும். எனவே வறுமை என்பதும் கலப்புக்கு ஒரு வழி.

மூன்று சுலபமான பதில்கள்

எங்களோடு இதைப் பேசுகிறவர்கள் பொதுவாக மூன்று பதிலில் ஒன்றைத் தருகிறார்கள்.

"வீட்டு விதையை நிப்பாட்டணும், எல்லாரும் கடையில வாங்கணும்" என்பது ஒன்று. இலங்கையில் பெரும்பாலான நெல் வயல்கள் இன்றைக்கும் விவசாயி எடுத்து வைத்த விதையாலோ அடுத்தவரிடம் மாற்றிய விதையாலோதான் விதைக்கப்படுகின்றன. அதை ஒரேயடியாக நிப்பாட்டினால் அவ்வளவு உறுதிப்படுத்தப்பட்ட விதை எங்கிருந்து வரும்? 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. அதன் கண் விதை விற்கிறவர் மேல் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. எந்த இனம் என்று தெரியாத நெல்லைச் சாக்கில் கட்டி "விதை நெல்" என்று காசுக்கு விற்பதும், தன் வயல் நெல்லைத் தானே விதைப்பதும் ஒன்றில்லை.

"பாரம்பரிய விதைக்குத் திரும்பினால் எல்லாம் சரி" என்பது இரண்டாவது. பச்சைப்பெருமாளும் மொட்டைக்கறுப்பனும் காப்பாற்றப்பட வேண்டியவை, இதில் விவாதமில்லை. ஆனால் பாரம்பரிய நெல்லும் கலக்கும். தமிழ்நாட்டில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் 2018 டிசம்பரில் காலமாகும் வரை நெல் ஜெயராமன் செய்த வேலையை யோசியுங்கள். 2 கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த வருசம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அந்த ஏற்பாடு. திரும்பி வருகிற 4 கிலோ, போன அதே இனமாக இருந்தால்தான் அந்தச் சங்கிலி அறாது. பழைய விதை என்பதால் மட்டும் விதை சுத்தமாகிவிடாது. அதைப் பேரோடும் கவனத்தோடும் கை மாற்றுகிற ஒரு கூட்டம் வேணும்.

மூன்றாவது, "நல்ல மருந்து வரும்" என்கிற நம்பிக்கை. அமெரிக்காவில் 2002இல் கிளியர்ஃபீல்ட் என்ற நெல்லை விற்பனைக்கு விட்டார்கள். ஒரு குறிப்பிட்ட வகைக் களைகொல்லியைத் தாங்குகிற நெல் அது. மருந்தை அடித்தால் களைநெல் சாகும், பயிர் நிற்கும். முதல் சில வருசம் நன்றாக வேலை செய்தது. பிறகு அந்தத் தாங்கும் குணம் பயிர் நெல்லிலிருந்து களைநெல்லுக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டும் ஒரே சாதிப் பயிர் என்பதால் அவ்வளவு பெரிய நாட்டின் மருந்தும் அங்கே தோற்றது. மகரந்தத்தால் கலப்பது மிகக் குறைவு என்று மேலே சொன்னோம். ஆனால் மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்றுவிட்டால், தப்பி நிற்கிற அந்த ஒன்றிரண்டே வயலை நிரப்பப் போதும்.

வட்டைக்கு என்ன செய்யலாம்?

எங்களுக்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முதல் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைப்பை முடிப்பது, எத்தனை மாத நெல் விதைப்பது என்று அங்கேதான் தீர்மானிக்கிறார்கள். சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரைத் தேதி குறித்துப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த நாங்கள், விதையையும் அதே மேசையில் வைத்துப் பேசலாம். எங்கள் பக்கத்துக் கோரிக்கை நாலு.

ஒன்று, விதைப்புக்கு முதல் ஒரு முளைப்புத் தண்ணீர். மண்ணில் கிடக்கிற நெல்லை ஈரம் காட்டி முளைக்க வைத்து, உழுது அழித்து, அதற்குப் பிறகு விதைப்பதுதான் களைநெல்லுக்கு எதிராகத் தெரிந்த நல்ல வழிகளில் ஒன்று. தனி ஆள் இதைச் செய்ய முடியாது, வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தானே? எல்லாப் போகமும் வேண்டாம். குளத்தில் தண்ணீர் போதுமான வருசத்தில், களைநெல் கூடின வட்டைகளுக்கு முறை வைத்துக் கொடுக்கலாம்.

இரண்டு, மெசின் துப்புரவு. ஒரு வட்டைக்குள் இறங்குவதற்கு முதல் வெட்டு மெசினைத் திறந்து உதறி, சக்கரத்தைக் கழுவ ஒரு இடம் குறிக்கணும். அந்த நேரத்துக்கான கூலியையும் வெட்டுக் கூலியோடு சேர்த்தே பேசணும். மெசின்காரரைக் கள்ளனாக்கினால் அவர் துப்புரவாக்க மாட்டார். அவருடைய நேரத்துக்கும் காசு இருக்கிறது.

மூன்று, விதைக்கென்று ஒதுக்கிய வயல். ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் தன் வட்டைக்குள் களைநெல் இல்லாத சில ஏக்கரைத் தெரிந்தெடுத்து, அதில் மட்டும் உறுதிப்படுத்தப்பட்ட விதையை விதைத்து, கதிர் வந்ததும் கலப்பைப் பிடுங்கி, அதன் விளைச்சலை மற்றவர்களுக்கு விதையாகக் கொடுக்கலாம். எல்லாரும் எல்லாப் போகமும் விதை வாங்கத் தேவையில்லை, சில ஏக்கருக்கு வாங்கினால் போதும். அறிவு கேட்க நெல் ஆராய்ச்சி நிலையம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது.

நாலு, குத்தகைப் பேச்சில் ஒரு வரி. வயலைத் துப்புரவாகத் திருப்பித் தந்தால் குத்தகையில் இவ்வளவு குறைப்பு, அல்லது இரண்டு மூன்று வருசத்துக்கு ஒரே ஆளுக்கே வயல். காணிக்காரரின் மண்ணைத்தானே காப்பாற்றுகிறோம், செலவில் ஒரு பங்கை அவரும் ஏற்கத்தான் வேணும்.

இளசுகளுக்கு இதில் என்ன வேலை?

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிறவர்கள், விவசாய விஞ்ஞானிகள் இல்லை. எங்கட வயசுக்காரர் பலருக்கு வட்டை என்பது பரீட்சை முடிந்த விடுமுறையில் செல்ஃபி எடுக்கிற இடமாக மாறிவிட்டது. ஆனால் வாப்பாமாருக்கு இல்லாத மூன்று எங்களிடம் இருக்கிறது: நேரம், எண்ணிக்கை, எழுதி வைக்கிற பழக்கம்.

விதைப்புக்கு முதல் வீட்டுச் சாக்கைச் சோதிக்கிற வேலையை நாங்கள் எடுக்கலாம். மேல், நடு, அடி என்று சாக்கின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அரைக் கிலோ சேருங்கள். சுளகில் பரப்பி, நுனியில் நீளமான கூர் உள்ளது, உமி நிறம் மாறியது, நீளம் மாறியது என்று பிரியுங்கள். ஆயிரம் மணியோடு நிப்பாட்ட வேண்டாம். ஆயிரத்துக்கு ஒன்று கலப்பு இருந்தாலும், ஆயிரம் மணியை மட்டும் எண்ணினால் மூன்று தடவையில் ஒரு தடவை ஒன்றுமே அகப்படாது. அரைக் கிலோவில் 20,000 மணி வரும், அதற்குள் இருபது வரைக்கும் அகப்படும். நாலு பேர் குந்தினால் ஒரு பின்னேர வேலை. பிறகு கொஞ்சத்தை உமி நீக்கிப் பாருங்கள். களைநெல்லின் அரிசி பெரும்பாலும் சிவப்பு. நீங்கள் விதைக்கப் போவது வெள்ளை நெல் என்றால் சிவப்பு உடனே காட்டிக் கொடுக்கும். ஏ.டீ 362 போலச் சிவப்பு நெல் என்றால் இந்தச் சோதனை உதவாது, கூரையும் உமியையும்தான் நம்ப வேணும். முடிவைச் சாக்கின் மேல் இனத்தின் பேரோடும் போகத்தோடும் எழுதுங்கள். கலப்புக் கூடின சாக்கைச் சோத்துக்கு அனுப்புங்கள், விதைக்கு வேண்டாம்.

ஒரு வட்டையில் இருபது முப்பது வீட்டுச் சாக்கை இப்படி எண்ணி ஒரு கொப்பியில் எழுதினால், அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு அது ஒரு ஆதாரம். "விதை கலந்து போச்சு" என்று பொதுவாகப் புலம்புவதற்கும், "எங்கட வட்டையில முப்பது சாக்குல இத்தனை சாக்குல களைநெல் இருக்கு, இன்ன வாய்க்காலுக்குக் கீழதான் கூட" என்று கொப்பியைத் திறந்து காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அதிகாரிக்கும் தெரியும், போடியாருக்கும் தெரியும்.

பெரும்போக ஆரம்பக் கூட்டங்கள் விதைப்புக்குச் சில கிழமைக்கு முதல் நடக்கும். வாப்பாவோ காக்காவோ போகும்போது நீங்களும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போங்கள். தேதியும் தண்ணீரும் பேசி முடிந்ததும் எழும்பி ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த முறை எங்கட வட்டைக்குள்ள வாற மெசினை எங்க வெச்சுத் துப்புரவாக்குற?"